பனிக் காட்டில் விழுந்தால் தூக்குவது யார்?

2024-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி.

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலம். யூட்டா மாநிலத்தில் உள்ள பார்க் சிட்டி என்ற மலை ஊரில் கூட்டம் நெரிந்தது. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். எல்லோரும் பனிச் சறுக்கு விளையாட வந்தவர்கள்.

அன்றுதான் அந்த மலையில் வேலை நிறுத்தம் தொடங்கியது.

வேலையை நிறுத்தியவர்கள் சுமார் 200 பேர். அவர்கள் டிக்கெட் கொடுப்பவர்கள் அல்ல. மலை உச்சிக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பி நாற்காலியை ஓட்டுகிறவர்களும் அல்ல. பனியில் விழுந்து அடிபட்டவர்களைத் தூக்கி வருகிறவர்கள். "ஸ்கீ ரோந்துப் படை" என்று அவர்களுக்குப் பெயர்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. வேறு மலைகளில் இருந்து ரோந்துக்காரர்களைக் கொண்டு வந்தது. மேற்பார்வையாளர்களையும் வேலைக்கு இறக்கியது. அப்படியும் மலையின் பெரும் பகுதியைத் திறக்க முடியவில்லை. திறந்த இடத்தில் எல்லாம் நீண்ட வரிசை. ஒரு நாள் டிக்கெட்டுக்கு 300 டாலருக்கு மேல் விலை. நம் பணத்தில் 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! அவ்வளவு கொடுத்தவர்கள் சறுக்கிய நேரத்தைவிட, வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம்.

டிக்கெட் கொடுப்பவர் வராவிட்டால் அந்த நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைக்கலாம். ரோந்துக்காரர் வராவிட்டால் மலையையே மூட வேண்டியிருக்கிறது. அது ஏன்?

அதற்கு விடை, பனி மூடிய மலையில் நிற்கும் மரங்களுக்கு நடுவே இருக்கிறது.

மரம் விலகாது

பனிச் சறுக்கு என்றால் என்ன? காஷ்மீரில் குல்மார்க்குக்குப் போனவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். இரண்டு கால்களிலும் நீண்ட பலகைகளை மாட்டிக்கொள்கிறார்கள். அதுதான் ஸ்கீ. கைக்கு ஒன்றாக இரண்டு கோல்கள். மலைச் சரிவில் பனி மேல் வழுக்கிக்கொண்டே கீழே வருகிறார்கள்.

சாதாரணமாக விளையாடுகிறவரே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருவார். அந்த வேகத்தில் பனியில் விழுந்தால் உருண்டு புரண்டு எழுந்து விடலாம். கை, கால் முறியலாம். உயிர் போவது அபூர்வம்.

மரத்தில் மோதினால் கதை வேறு. மனிதன் மேல் மனிதன் மோதினால் இருவரும் சாய்வார்கள். அடியின் வேகம் குறையும். மரம் சாயாது. வந்த வேகம் முழுவதையும் மோதியவரின் உடம்பே தாங்க வேண்டும்.

1997-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி, மைக்கேல் கென்னடி இப்படித்தான் இறந்தார். அவர் ராபர்ட் கென்னடியின் மகன். சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி கென்னடியின் தம்பி மகன். கொலராடோவில் ஆஸ்பன் மலையில், குடும்பத்தாரோடு ஸ்கீயில் போய்க்கொண்டே பந்து பிடித்து விளையாடினார். மரத்தில் மோதினார். அப்போது அவருக்கு வயது 39.

அந்தத் துக்கச் செய்தி ஆறுவதற்குள் இன்னொரு செய்தி வந்தது. ஐந்து நாள் கழித்து, 1998-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி, சன்னி போனோ இறந்தார். இவர் அமெரிக்கா முழுவதும் தெரிந்த பாடகர். பிறகு அரசியலுக்கு வந்து நகர மேயர் ஆனார். அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினரும் ஆனார். தாகோ ஏரிக்கு மேலே உள்ள ஹெவன்லி மலையில், குடும்பத்தாரை விட்டுப் பிரிந்து தனியாக மரங்களுக்குள் போனார். திரும்பவில்லை. ரோந்துப் படையினர் தேடிப் போனார்கள். இருட்டிய பிறகுதான் உடல் கிடைத்தது.

இரண்டு பேருமே சறுக்கத் தெரியாதவர்கள் அல்ல. பல வருஷம் பழகியவர்கள். இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு பனிக் காலத்தில் மலைகளுக்கு 5 கோடி, 6 கோடி தடவை ஆட்கள் வந்து போகிறார்கள். சாகிறவர்கள் சுமார் 40 பேர். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்த 40 பேரில் பெரும்பாலோர் கற்றுக்குட்டிகள் அல்ல. நன்றாகச் சறுக்கத் தெரிந்த வாலிப ஆண்கள். பாதையின் ஓரத்தில் வேகமாக வந்து மரத்தில் மோதியவர்களே அதிகம்.

தலைக்கவசம் போட்டால் போதாதா? அந்த இரண்டு சாவுகளுக்குப் பிறகு பலர் அப்படித்தான் நினைத்தார்கள். 2002-ல் கவசம் போட்டவர்கள் நாலில் ஒருவர்தான். இன்று பெரும்பாலோர் போடுகிறார்கள். தலையில் படும் சில்லறை அடிகள் குறைந்திருக்கின்றன. சாவு எண்ணிக்கை குறையவில்லை. கவசம் தலையைத்தான் மூடும். மார்பும், வயிறும், கழுத்தும் மரத்தில் மோதினால் அது என்ன செய்யும்? கவசம் போட்ட தைரியத்தில் சிலர் இன்னும் வேகமாகப் போகிறார்கள் என்று சொல்வோரும் உண்டு.

ஏன் காட்டுக்குள் போகிறார்கள்?

இவ்வளவு தெரிந்தும் மரங்களுக்குள் ஏன் போக வேண்டும்?

இரவெல்லாம் புதுப் பனி பெய்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அது பஞ்சு போலக் கிடக்கும். அதில் சறுக்குவதுதான் எல்லோருக்கும் ஆசை. மலை திறந்து இரண்டு மணி நேரத்தில் ஆயிரம் பேர் அதை மிதித்து உழுதுவிடுவார்கள். திறந்த சரிவில் புதுப் பனி தீர்ந்து போகும். ஆனால் மரங்களுக்கு நடுவே அது அப்படியே இருக்கும். அங்கே வெயில் படாது. காற்றும் அடித்துக்கொண்டு போகாது.

இன்னொரு காரணமும் உண்டு. பனி கொட்டும்போது திறந்த சரிவில் வானமும் தரையும் ஒரே வெள்ளை. மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. மரங்கள் இருந்தால் அவற்றின் கறுப்பை அடையாளம் வைத்துக்கொண்டு போகலாம்.

முன்பு இது வித்தை தெரிந்தவர்களின் விளையாட்டு. பழைய ஸ்கீ ஒல்லியானது. புதுப் பனியில் அமிழ்ந்துவிடும். 1990-களில் அகலமான ஸ்கீ பரவியது. அது பனியில் மிதக்கும். சுமாராகச் சறுக்கத் தெரிந்தவரும் காட்டுக்குள் போகலாம் என்று ஆயிற்று. மலைக்காரர்களும் மரங்களைக் கலைத்து வெட்டி, காட்டுக்குள் வழி விட்டார்கள். விளம்பரத்திலும் அதைப் போட்டார்கள்.

காட்டில் சறுக்கப் பழக்குகிற ஆசிரியர்கள் முதலில் சொல்லும் பாடம் இதுதான்: மரத்தைப் பார்க்காதே, இரண்டு மரங்களுக்கு நடுவே உள்ள சந்தைப் பார்! சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புரியும். விளக்குக் கம்பத்தைப் பார்த்து "மோதிவிடுவேனோ" என்று பயந்தால், சைக்கிள் நேராகக் கம்பத்துக்கே போகும்!

அடுத்த பாடம் கோலைப் பற்றியது. கோலின் வாரை மணிக்கட்டில் மாட்டக் கூடாது. கோல் கிளையில் சிக்கினால் தோள்பட்டை விலகிவிடும்.

மூன்றாவது பாடம், துணை இல்லாமல் போகாதே என்பது. இதை அங்கே பெரியவர்கள் சொல்லும் சம்பிரதாயப் புத்திமதி என்று நினைத்துவிடக் கூடாது. இதில்தான் உயிர் இருக்கிறது.

தண்ணீர் இல்லாத கிணறு

மரத்தில் மோதாமலே மரத்தால் சாகலாம். பனிக் காட்டில் உள்ள இரண்டாவது ஆபத்து இது.

பைன் போன்ற ஊசியிலை மரங்களின் கிளைகள் தாழ்ந்து, குடை போல விரிந்திருக்கும். பனி பெய்யும்போது கிளைகள் அதைத் தாங்கிக்கொள்ளும். அடிமரத்தைச் சுற்றிப் பனி அவ்வளவாக விழாது. விழுந்தாலும் இறுகாது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் பனி ஏறும். அடிமரத்தை ஒட்டி மட்டும் ஒரு குழி இருக்கும். மேலே கிளைகள் மூடியிருப்பதால் குழி கண்ணுக்குத் தெரியாது.

"மரக் கிணறு" என்று அதற்குப் பெயர். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. தண்ணீரும் இல்லை. ஆனாலும் விழுந்தவர் மூச்சு முட்டிச் சாகிறார்.

பெரும்பாலும் தலைகீழாகத்தான் விழுகிறார்கள். ஸ்கீ மேலே கிளையில் சிக்கிக்கொள்ளும். தலை பனிக்குள் இருக்கும். கையைக் காலை உதைத்தால் கிளைகளில் உள்ள பனியும் சேர்ந்து தலைமேல் கொட்டும். உதைக்க உதைக்க உள்ளே போவார். வாயிலும் மூக்கிலும் பனி. கூச்சல் போட்டாலும் பனி அதை விழுங்கிவிடும். பத்து அடி தூரத்தில் போகிறவருக்குக்கூடக் கேட்காது.

தாமாக ஏறி வர முடியாதா? வட அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதுகாப்புக்குப் பக்கத்திலேயே ஆட்களை நிறுத்திக்கொண்டு, சிலரை இப்படிப்பட்ட குழிகளில் இறக்கினார்கள். பத்தில் ஒன்பது பேரால் தாமாக வெளியே வர முடியவில்லை!

கால் மணி நேரம். அதற்குள் யாராவது தோண்ட வேண்டும். மலையின் அடியில் இருந்தோ, உச்சியில் இருந்தோ ரோந்துப் படை அதற்குள் வந்து சேருவது எப்போதும் நடக்கிற காரியம் அல்ல. கூட வந்தவர்தான் முதல் ரோந்துக்காரர். அவரும் கீழே போய்விட்டால் திரும்பி மேலே ஏறி வர முடியாது. அதனால்தான் ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி, குரல் கேட்கும் தூரத்தில் போகச் சொல்கிறார்கள்.

விழுகிறபோதே கிளையையோ அடிமரத்தையோ கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலை மேலே இருக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் உதைக்கக் கூடாது. முகத்துக்கு முன்னால் கையால் கொஞ்சம் இடம் செய்துகொண்டு, அசையாமல் மூச்சு விட வேண்டும். காப்பாற்றுகிறவர் காலைப் பிடித்து இழுக்கக் கூடாது. முகம் எங்கே இருக்கும் என்று பார்த்து, பக்கவாட்டில் தோண்ட வேண்டும். முதலில் மூச்சு. மற்றது எல்லாம் பிறகு.

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் வாஷிங்டன் மாநிலத்தில் பேக்கர் மலைப் பக்கத்தில் ஒரு சம்பவம் நடந்தது. ஒருவர் மரங்களுக்கு நடுவே சறுக்கி வந்தார். ஒரு மரத்தடியில் பனிக்கு மேல் ஒரு சறுக்குப் பலகை மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. ஆள் இல்லை. அவர் நின்றார். ஆழமான பனியில் தட்டுத் தடுமாறி மேலே ஏறினார். கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினார். உள்ளே இருந்தவரின் முகம் தெரிந்தது. உயிர் இருந்தது! காப்பாற்றியவரின் தலைக்கவசத்தில் இருந்த காமிராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அந்தப் படத்தை உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். இருவரும் முன்பின் தெரியாதவர்கள். அவர் கண்ணில் பலகை படாமல் போயிருந்தால் அவ்வளவுதான்.

சிவப்புச் சட்டையும் சறுக்கு வண்டியும்

மரத்தில் மோதிக் கால் முறிந்து கிடக்கிறார் ஒருவர். அவரைக் கீழே கொண்டு வருவது எப்படி? காட்டுக்குள் மோட்டார் வராது. அடர்ந்த மரங்களுக்கு நடுவே ஹெலிகாப்டர் இறங்காது.

கூட வந்தவர் முதலில் இரண்டு ஸ்கீகளை எடுத்து, அடிபட்டவருக்கு மேற்பக்கத்தில் பெருக்கல் குறி போலப் பனியில் நட்டு வைக்கிறார். பின்னால் வருகிறவர்கள் ஒதுங்கிப் போவதற்கும், தேடி வருகிறவர்கள் கண்டுபிடிப்பதற்கும் அதுதான் அடையாளம். பிறகு ரோந்துப் படைக்கு டெலிபோன் செய்கிறார்.

வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்புச் சட்டைக்காரர்கள் வருகிறார்கள். கொண்டு வருவது ஒரு சறுக்கு வண்டி. தொட்டில் மாதிரி இருக்கும். முன்னால் பிடிப்பதற்கு இரண்டு நீண்ட கைப்பிடிகள். வந்தவுடன் அடிபட்டவரைத் தூக்குவதில்லை. மூச்சு இருக்கிறதா, ரத்தம் ஒழுகுகிறதா, கழுத்தில் அடியா என்று பார்க்கிறார்கள். முறிந்த காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டுகிறார்கள். குளிரே ஆளைக் கொன்றுவிடும் என்பதால் கம்பளியில் சுற்றுகிறார்கள். அதற்குப் பிறகுதான் வண்டியில் படுக்க வைப்பது.

இனிமேல்தான் கஷ்டம். முன்னால் ஒருவர் இரு கைப்பிடிக்கும் நடுவே நின்று, ஸ்கீயைக் குறுக்காக வைத்துத் தேய்த்துத் தேய்த்து இறங்குகிறார். செங்குத்தான இடத்தில் இன்னொருவர் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். கால் நழுவினால் மூன்று பேரும் மரத்தில்தான் போய் நிற்க வேண்டும். திறந்த பாதையில் சில நிமிஷங்களில் முடிகிற வேலை, காட்டுக்குள் வெகு நேரம் பிடிக்கும்.

மாலையில் கம்பி நாற்காலி நின்ற பிறகும் அவர்களுக்கு வேலை இருக்கிறது. வரிசையாகப் பிரிந்து மலை முழுவதும் இறங்கி வருகிறார்கள். காட்டு ஓரங்களில் நின்று குரல் கொடுக்கிறார்கள். பதில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறார்கள். எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக இறங்குகிறவர்கள் அவர்கள்தான்.

விடியற்காலையில் முதலில் ஏறுகிறவர்களும் அவர்களே. பனிச் சரிவு இடிந்து விழக்கூடிய இடங்களில் வெடி வைத்து, ஆட்கள் வருமுன்பே அதை இடித்துத் தள்ளுகிறார்கள். 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் காலிபோர்னியாவில் மம்மத் மலையில் இந்த வேலையின்போது ரோந்துக்காரர்கள் இருவர் சரிவில் சிக்கினார்கள். ஒருவர் இறந்தார்.

ஒரு நண்பனின் சாவு

இந்தப் படை தோன்றிய கதையிலும் ஒரு மரம் இருக்கிறது.

1936-ம் ஆண்டுப் பிறப்பின்போது, மைனாட் டோல் என்ற இன்ஷூரன்ஸ் தொழில்காரர் வெர்மாண்ட் மாநிலத்தில் ஸ்டோ என்ற ஊருக்குப் பனிச் சறுக்கு விளையாடப் போனார். கூடப் போனவர்களில் பிராங்க் எட்சன் என்ற நண்பரும் ஒருவர். டோல் விழுந்தார். கணுக்கால் முறிந்தது. மலையில் உதவிக்கு ஒரு ஆள் இல்லை. எட்சன் எங்கோ கிடந்த ஒரு கூரைத் தகரத்தைத் தேடிக் கொண்டுவந்தார். அதில் டோலைப் போட்டு இழுத்துக் கீழே சேர்த்தார்.

இரண்டு மாதம் கழித்து எட்சன் ஒரு சறுக்குப் பந்தயத்தில் கலந்துகொண்டார். மரத்தில் மோதினார். இறந்துபோனார்.

டோல் இதை விடவில்லை. சறுக்கு விபத்துகள் எப்படி நடக்கின்றன என்று ஆராயத் தொடங்கினார். சில பேர் கேலி செய்தார்கள். விளையாட்டைக் கெடுக்கிறார், தாய்மார்களைப் பயமுறுத்துகிறார் என்றார்கள். 1938-ல் ஸ்டோவில் நடந்த தேசியப் பந்தயத்துக்கு அவர் ஒரு ரோந்துக் குழுவை அமைத்தார். அதைப் பார்த்த சங்கத் தலைவர், நாடு முழுவதும் இதுபோல் செய்யச் சொன்னார். தேசிய ஸ்கீ ரோந்துப் படை அப்படிப் பிறந்தது. இன்று அதில் சுமார் 30 ஆயிரம் பேர். அவர்களில் மிகப் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

இரண்டாவது உலக யுத்தத்தில், பனி மலையில் போரிட ஒரு படை வேண்டும் என்று அமெரிக்க ராணுவத்தைத் தூண்டியவரும் இதே டோல்தான். அதற்கு ஆள் பொறுக்கிக் கொடுத்தது ரோந்துப் படை. 10-வது மலைப் படை என்று பெயர் பெற்ற அது, 1945-ல் இத்தாலியில் போரிட்டது. அதில் இருந்து திரும்பிய பீட் சைபர்ட் என்ற வீரர் ஆஸ்பன் மலையில் ஸ்கீ ரோந்துக்காரராக வேலை பார்த்தார். பிறகு, 1962-ல் வேல் என்ற சறுக்கு மலையைத் தொடங்கினார்.

அந்த வேல் இப்போது 40-க்கு மேற்பட்ட மலைகளை வைத்திருக்கும் பெரிய கம்பெனி. ஆண்டு வருமானம் 290 கோடி டாலர் அளவுக்கு. பார்க் சிட்டி மலையும் அதன் சொத்து. ஒரு ரோந்துக்காரர் தொடங்கிய கம்பெனியை எதிர்த்துத்தான் ரோந்துக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள்!

இரண்டு டாலர்

அவர்கள் கேட்டது என்ன? புதிதாகச் சேருகிறவருக்கு மணிக்கு 21 டாலர் சம்பளம். அதை 23 ஆக்க வேண்டும். பழகியவர்களுக்கு அனுபவத்துக்குத் தகுந்தபடி கூட்ட வேண்டும்.

மணிக்கு 21 டாலர் என்றால் சுமார் 1,800 ரூபாய். நமக்கு அது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் பார்க் சிட்டி பணக்காரர்களின் ஊர். அங்கே வீட்டு வாடகை கொடுத்துக் கட்டுப்படி ஆகாமல், பல ரோந்துக்காரர்கள் வெகு தூரத்தில் குடியிருந்து வேலைக்கு வருகிறார்கள். பனிக்காலம் முடிந்தால் வேறு வேலை தேட வேண்டும். நாலைந்து வருஷம் பழகி, எந்த மரத்தடியில் குழி விழும், எந்தச் சரிவு இடியும் என்று தெரிந்துகொண்ட பிறகு, குடும்பம் நடத்த முடியாமல் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் இடத்துக்குப் புது ஆள் வருகிறார். அவருக்குச் சிம்பு கட்டத் தெரியும். மலை தெரியாது.

கம்பெனியும் தன் பக்கத்தைச் சொன்னது. சில ஆண்டுகளாகவே சம்பளத்தை நிறைய உயர்த்தி வருகிறோம் என்றது. ஆனால் பொது மக்கள் அனுதாபம் அந்தப் பக்கம் போகவில்லை. பணம் கொடுத்து ஏமாந்த விருந்தினர்கள் பலர், வரிசையில் நின்றபடியே ரோந்துக்காரர்களுக்காகக் கோஷம் போட்டார்கள். ஒருவர் வழக்கே போட்டார். கம்பெனியின் பங்கு விலையும் இறங்கியது.

இதில் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புது கம்பி நாற்காலி போட்டால் வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும். படம் பிடித்து விளம்பரம் செய்யலாம். ரோந்துப் படை நன்றாக வேலை செய்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நடக்காத விபத்துக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்? சம்பளப் பேச்சில் ரோந்துக்காரர்கள் பின்தங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவர்கள் இல்லாத 13 நாட்களில்தான் அவர்கள் விலை தெரிந்தது.

பிரான்சில் வேறு மாதிரி முறை. அங்கே மலையில் இருந்து தூக்கி வருவதற்கு, அடிபட்டவரிடமே பில் நீட்டலாம். அதனால் சறுக்கப் போகிறவர்கள் தினம் சில யூரோ கட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க மலைகளில் எல்லைக்குள் விழுந்தவரைத் தூக்கி வருவதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. செலவு டிக்கெட்டுக்குள் அடக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்சுக்குத்தான் தனிப் பில். காசு கேட்பார்களோ என்று பயந்து, அடிபட்டவர் கூப்பிடாமல் இருக்கக் கூடாது அல்லவா? அந்த வகையில் அமெரிக்க முறை நல்ல முறைதான். ஆனால் டிக்கெட் பணத்தில் எவ்வளவு ரோந்துக்குப் போகிறது என்பது டிக்கெட்டில் எழுதியிருப்பதில்லை.

2025-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி சமரசம் ஏற்பட்டது. கேட்ட 2 டாலர் கிடைத்தது. பழகியவர்களுக்கு அதற்கு மேலும் கிடைத்தது. சராசரியாகப் பார்த்தால் மணிக்கு 4 டாலர் உயர்வு. வேலை நிறுத்த நாட்களில் வந்து ஏமாந்தவர்களுக்கு, அடுத்த பனிக் காலத்துக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வதாகக் கம்பெனி சொன்னது.

ரோந்துக்காரர்கள் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். மூடிக் கிடந்த பாதைகளைச் சோதித்து, ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்கள். ஒப்பந்தம் 2027 ஏப்ரல் வரைக்கும்தான். அதன் பிறகு மறுபடியும் பேச்சு நடத்த வேண்டும்.